நிழற்குடையில் நாற்பத்தொரு வீடு

மேட்டுத் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். ஒரு வீட்டிலும் குழாய்த் தண்ணீர் விரல் பருமனுக்கு வராது. நூல் மாதிரி இறங்கும், காற்றடித்தால் அதுவும் கோணலாகப் போகும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு சண்டை ஆரம்பித்து முடிந்துவிடும். அந்தத் தெருவில் மீட்டரக்கா பதினொரு வருடம் தண்ணீர் மீட்டர் படித்தாள். ஒரு மாதம்கூட ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் அவளை அவர்கள் இறங்க விட்டதில்லை. உச்சியில் இருக்கும் பச்சை கேட் வீட்டில் உட்கார நாற்காலியும் போடுவார்கள். டம்ளர் விளிம்பு வரை இருக்கும். அதை எப்படி நிரப்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும். மீட்டர் எண்ணைப் படித்தவள் அல்லவா.

நாற்பத்தெட்டாவது வயதில் முட்டி போயிற்று. மூடியைத் தூக்கக் குனிந்து, எண்ணைப் பார்க்க உட்கார்ந்து, எழுந்து, அடுத்த வீடு. ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்த மருத்துவர், "இனிமே தேயறதுக்கு இதுல எதுவும் பாக்கி இல்லம்மா" என்றார். அறுவை முடிந்ததும் குடிநீர் அலுவலகம் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. வேலை கொடுக்கவில்லை. ஒன்றரை வருடம் தபால்களுக்கு முத்திரை குத்தினாள்.

பிறகு ஒரு நாள் பொறியாளர் ஊழியர்களைக் கூப்பிட்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசும் பெண்மணி. இந்த வருடம் மூன்று தெருக்களுக்குப் பழைய குழாயைப் பெயர்த்துப் புதிது போடலாம். எந்த மூன்று என்பதை யாருடைய சிபாரிசும் முடிவு செய்யாது. மீட்டர் படிப்பவர்கள் கைக்கருவியில் "தண்ணீர் மெலிவு" என்று அழுத்தியிருக்கும் வீடுகளைச் சிவப்பாகவும் மற்றவற்றை நீலமாகவும் வரைபடத்தில் ஏற்றி, எங்கே சிவப்பு அதிகமோ அந்தத் தெரு. வரைபடம் செய்யவேண்டிய பெண் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள யார் தயார்?

மீட்டரக்கா மேட்டுத் தெருவை நினைத்தாள். கை தானாக மேலே போயிற்று.

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாக்கா?" என்றார் தபால் எழுத்தர்.

"முட்டிதான் வளையாது. மத்ததெல்லாம் வளையும்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வழி தெரிந்த ஒரே ஆள் மாடியில் இருந்தாள். அவளிடம் போய் நிற்பதைவிடக் காட்டிலேயே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது.

மாடியில் இருந்தது நாத்தனார். தையல்காரரான கணவரின் ஒரே தங்கை. வயது நாற்பத்து மூன்று, வீட்டில் இன்னும் பாப்பா. பேருந்து நிறுவனத்தில் வழித்தடங்களை வரைபடமாக்கும் வேலை. இரண்டு பேருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. கல்யாணமான புதிதில் பாப்பா யாரிடமோ, "எங்கண்ணி பெரிய படிப்பு, மீட்டர் படிப்பு" என்று சொல்லிச் சிரித்தது இவள் காதில் விழுந்திருந்தது. இருபத்து நான்கு வருடமாக அது அங்கேயே கிடந்தது.

மீட்டரக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். பதினெட்டுப் படி. பாப்பா கதவைத் திறந்தவள் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தாள்.

"கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்ல அண்ணி? இந்தக் காலோட ஏன் ஏறினீங்க?"

"கேட்க வந்தவதான் ஏறணும்."

அன்றிலிருந்து காலை ஐந்தரைக்குப் பாப்பா கீழே இறங்கி வந்தாள். தையல்காரரின் வெட்டுமேசை ஏழு மணி வரை பள்ளிக்கூடம். துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியை வைப்பார்கள். தையல்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என் வீட்ல நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேசையில உட்கார்ந்திருக்காங்கன்னு சொன்னா வெளியில ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பாப்பா சொல்லிக்கொடுத்தது முதலில் மிகக் கொஞ்சம். உலகத்தில் இருப்பது மூன்றே மூன்று. புள்ளி, கோடு, பரப்பு. மீட்டர் ஒரு புள்ளி. தெரு ஒரு கோடு. வட்டாரம் ஒரு பரப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள், கிழக்கு மேற்குக்கு ஒன்று, தெற்கு வடக்குக்கு ஒன்று. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை மீட்டரக்கா மூன்றாம் நாளே கண்டுபிடித்தாள். ஊரின் ஆறாயிரம் மீட்டர்களும் கடலில் மிதந்தன.

"நல்லா பாருங்க அண்ணி. திமிங்கலத்துக்கெல்லாம் கனெக்‌ஷன் குடுத்திருக்கீங்க."

"அதுங்களாவது தண்ணி வரலன்னு புகார் குடுக்காது."

மீட்டரக்காவுக்குப் பிடித்தது வேறொன்று. நிரலில் ஒரு வரிக்கு முன்னால் கட்டம்போல் ஒரு குறியைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் எழுதுவதை இயந்திரம் படிக்காது. "அது மனுஷங்களுக்கு. நாளைக்கு இதைத் திறக்கிறவங்களுக்குப் புரியணும்ல" என்றாள் பாப்பா. மீட்டரக்கா அந்த வசதியை வீணாக்கவில்லை. கோப்பைத் திறக்கும் வரிக்கு மேலே, குறி போட்டு, "இது பாப்பா சொன்னது" என்று எழுதினாள். தேதியைச் சரிசெய்யும் வரிக்கு மேலே, "இதில் சந்தேகம் தீர்த்தது யாரோ ஒருவர், இணையத்தில், முகம் தெரியாது, நன்றாக இருக்கட்டும்." இரண்டு மாதத்தில் நிரல் எண்பது வரி ஆயிற்று. அதில் இருபது வரி நன்றி.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றாள் பாப்பா. ஆனாலும் அழிக்கச் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பழுதான மீட்டரை மாற்றிய வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பதிவுகள். ஒரு வீடு இரண்டு புள்ளியாகத் தெரிந்தது. மீட்டரக்கா யோசித்துத் தானே ஒரு வழி கண்டாள். பத்தடிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மீட்டர் இருந்தால் புதியதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை எடுத்துவிடு. நான்கு வரி. யாரும் சொல்லிக்கொடுக்காத முதல் நான்கு வரிகள். ஓடிற்று. வரைபடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமானது. அந்த வரிகளுக்கு மேலே, "இது நானே" என்று எழுதினாள்.

அலுவலகத்தில் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். பொறியாளர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பட்டியல் போட்டுடலாம்" என்றார். தபால் எழுத்தர் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டினார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள். அது செவ்வாய்க்கிழமை.

கூட்டம் கலைந்த பிறகு மீட்டரக்கா மேட்டுத் தெருவைத் தேடினாள். கோடு இருந்தது. வளைந்து மேலே ஏறும் அதே கோடு. அதன் மேல் ஒரு புள்ளியும் இல்லை. சிவப்பு இல்லை, நீலம் இல்லை, எதுவுமே இல்லை. வீடே கட்டாத தெரு மாதிரி கிடந்தது. பிழை என்று நினைத்துத் தாளை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் கோட்டின் அடிக்கு வந்தாள். பெரிய சாலையைத் தொடும் இடத்தில், பேருந்து நிழற்குடை மேல், மூன்று சிவப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவை எப்படி அங்கே வந்தன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கைக்கருவி வந்து நான்கு வருடம். மீட்டர் எண்ணை அழுத்தியதும் அந்த இடத்தையும் நேரத்தையும் அது தானே குறித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் நின்றுதான் அழுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் மேட்டுத் தெரு மேற்குப் பார்த்த தெரு, மருந்துக்கும் மரம் கிடையாது. வெயிலில் கருவியின் திரை தெரியாது. அதனால் மீட்டரக்கா பழையபடி பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். தெரு முடிந்து இறங்கியதும் நிழற்குடையில் உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் வரிசையாக அழுத்துவாள். கருவியைப் பொறுத்தவரை நாற்பத்தொரு வீடும் நிழற்குடையில்தான் இருந்தன. பத்தடிக்குள் இருந்தால் எடுத்துவிடு என்று அவளே எழுதிய நான்கு வரி, கருவி சில அடி தள்ளிக் குறித்திருந்த மூன்றைத் தவிர அத்தனையையும் எடுத்துவிட்டது.

அவளுக்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் போகிறவர் குடைக்காரர். மழையோ வெயிலோ கையில் குடை இல்லாமல் பார்க்க முடியாதவர். அவருக்கு ஃபோன் செய்தாள்.

"மேட்டுத் தெருவ எங்க உட்கார்ந்து அழுத்துறீங்க?"

"நீங்க சொல்லிக் குடுத்த இடத்துலதான் அக்கா."

"உங்ககிட்டதான் குடை இருக்கே!"

"குடை ஒரு கை, கருவி ஒரு கை. மூடியத் தூக்க மூணாவது கைக்கு எங்க போறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, நான் மட்டும் இல்ல. எல்லாருமே இப்படித்தான். மருந்துக்கடைப் படி, நூலக வராண்டா, பாலத்தடி, ஆளுக்கு ஒரு நிழல். வெளிய சொல்லிடாதீங்க. விதியை மீறினதுக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும்."

மீட்டரக்கா எதையும் எடுக்காத பழைய கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். ஊரில் பதினேழு இடத்தில் புள்ளிகள் குவிந்திருந்தன. சொல்லாமலே இருந்துவிடலாம். வரைபடம் அழகாகத்தான் இருக்கிறது, எல்லோருக்கும் பிடித்தும் விட்டது. சொன்னால் பதினேழு பேருக்கு ஓலை, அவர்களுக்கு முன்னால் அவளுக்கு. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் மேட்டுத் தெரு இருக்காது. அப்புறம் குழாய் போடுவது எப்போதோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். நாற்பத்தொரு வீட்டை எதில் மறைப்பது? விளிம்பு வரை நிரம்பிய டம்ளர் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு வெட்டுமேசையில் பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். பாப்பா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அழுத்தின நேரம் இருக்கா?"

"இருக்கு. நொடி வரைக்கும்."

"அப்ப வீட்டோட வரிசை போகல. இடம்தான் போச்சு. நீங்க எப்படி நடப்பீங்க?"

"இடது பக்கமா ஏறுவேன், இருபத்தொரு வீடு, கடைசில பச்சை கேட். வலது பக்கமா இறங்குவேன், இருபது. குடைக்காரரும் அப்படித்தான், கேட்டுட்டேன்."

கோட்டின் மேல் இத்தனை தூரம் நடந்து நில் என்று இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு வரி உண்டு என்றாள் பாப்பா. தெருவோ வளைந்த கோடு. முதல் வீட்டுக்கு இத்தனை அடி, இரண்டாவதுக்கு இத்தனை அடி என்று தூரத்தைக் கொடுத்தால் வளைவோடு போய்ப் புள்ளி வைக்கும். ஆனால் அந்தத் தூரம் தெரிய வேண்டும்.

"அடியெல்லாம் தெரியாது" என்றாள் மீட்டரக்கா. "நான் எடுத்து வைக்கிற எட்டுதான் தெரியும்."

பதினொரு வருடம் மாதாமாதம் எண்ணிக்கொண்டே ஏறிய தெரு. மேட்டில் மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க எட்டுகளை எண்ணுவது அவள் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டாள். பாப்பா தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

"நிழற்குடையிலருந்து மொத வீடு பதினாலு எட்டு. ரெண்டாவது இன்னொரு ஒம்பது. அதுக்கப்புறம் நாய் வீடு, பன்னண்டு. நாய் வெளியில இருந்தா எட்டே எட்டு."

"ஏன், நாய் இருந்தா வீடு கிட்ட வந்துடுமா?"

"ஓடுவேன்ல. ஓடினா எட்டு பெருசாயிடும்."

"நாய் இல்லாத கணக்கையே சொல்லுங்க அண்ணி."

ஏழாவது வீட்டுக்கும் எட்டாவதுக்கும் நடுவே காலி மனை, இருபத்தாறு எட்டு. பத்தாவதுக்கு முன்னால் தெரு வளையும். இருபத்தொன்றும் வந்துவிட்டது. பிறகு வலது பக்கம், மேலிருந்து கீழே. இறக்கத்தில் எட்டு வேறு என்பதால் அந்த இருபது வீட்டையும் எதிர்வரிசைக்கு நேராக வைத்துச் சொன்னாள். எங்கும் தடுமாறவில்லை.

அடுத்த கேள்வி, ஓர் எட்டு எத்தனை அடி? தையல்காரரை எழுப்பினார்கள். அவர் அளவு நாடாவோடு வந்து கூடத்தில் மண்டியிட்டார். மீட்டரக்கா நடந்து காட்டினாள். நாடாவைப் பார்த்தவர், "ஒன்றரை அடி" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் மாறியது. அவளுக்கும் புரிந்தது. அது இப்போதைய நடை. மேட்டுத் தெருவில் ஏறியது இந்தக் கால் இல்லை.

பாப்பா திரையில் தெருவை மறுபடி பெரிதாக்கினாள்.

"அந்தத் தெருவுல மாறாதது ஏதாவது இருக்கா? மேப்புல தெரியற மாதிரி?" என்றாள் பாப்பா.

"டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. நிழற்குடையிலருந்து நூத்தி இருபது எட்டு. அங்கதான் மொத தடவை நின்னு மூச்சு விடுவேன்."

பாப்பா கோட்டின் மேல் அளந்தாள். இருநூற்று எழுபத்தாறு அடி. நூற்றிருபதால் வகுத்தாள். இரண்டு புள்ளி மூன்று.

"இதோ அண்ணி, உங்க எட்டு. ரெண்டேகால் அடிக்கும் மேல. நல்ல எட்டுதான் போட்டிருக்கீங்க."

போய்விட்டது என்று மீட்டரக்கா நினைத்திருந்த நடை ஒரு வகுத்தலில் திரும்பி வந்து திரையில் நின்றது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரர் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

நிரல் ஓடியது. நிழற்குடையிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து மேட்டில் ஏறிப் போய் அவரவர் வாசலில் நின்றன. நாற்பத்தொன்று. அத்தனையும் சிவப்பு.

வியாழக்கிழமை மீட்டர் படிப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தான் செய்யப்போவதைச் சொன்னாள். அறையில் ஒரே கூச்சல். "அக்கா, உங்களுக்கு நாற்காலி கிடைச்சிடுச்சு. எங்களுக்குத் தெருவும் போயிடும்" என்றார் ஒருவர். அவள் ஒரு தாளை எடுத்து வைத்தாள். தலைப்பு, "நிழலில் உட்கார்ந்து அழுத்தியவர்கள்." முதல் வரியில் தன்னை எழுதியிருந்தாள், மேட்டுத் தெரு, ஆரம்பித்துவைத்தது நான் என்று. மற்ற வரிகள் காலி. "யாரையும் எழுதச் சொல்லல. ஒரு பேரு போதும்" என்றாள். குடைக்காரர் வெகுநேரம் குடையின் காம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பேனாவைக் கேட்டு வாங்கினார். மாலைக்குள் பதினாறு பேர் எழுதிவிட்டார்கள். பதினேழாவது ஆள் விடுப்பில் இருந்தார், ஃபோனில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பொறியாளர் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாளையும் படித்தார்.

"வாசல்ல நின்னுதான் அழுத்தணும்னு சுற்றறிக்கை அனுப்பினது நான்."

"படிச்சேன் மேடம். நிழற்குடையில உட்கார்ந்துதான் படிச்சேன்."

பொறியாளர் சிரிக்கவில்லை.

"வெயில்ல திரை தெரியாதுன்னு ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"நீங்க கேட்கல. நாங்களும் சொல்லல. ரெண்டு பக்கமும் தப்பு மேடம்."

பொறியாளர் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். மணி பதினொன்று. வண்டி நிறுத்தும் இடத்தில், நடு வெயிலில், கருவியைக் கண்ணுக்குக் கிட்டே, தள்ளி, சாய்த்து, நிமிர்த்திப் பார்ப்பதை எல்லோரும் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"என் மூஞ்சிதான் தெரியுது" என்றார். "பட்டியலைப் பத்து நாள் தள்ளி வைக்கறேன். மத்த பதினாறு தெருவையும் இதே மாதிரி வாசலுக்குக் கொண்டுபோங்க. இந்தத் தாள் எங்கிட்டயே இருக்கட்டும்." தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அது அப்புறம் வெளியே வரவில்லை. ஓலையும் வரவில்லை.

பத்து நாளும் மீட்டர் படிப்பவர்கள் வேலை முடிந்ததும் அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் தெருக்களை எட்டு எட்டாகச் சொன்னார்கள். ஒருவர் எட்டுக் கணக்கில், ஒருவர் விளக்குக் கம்பக் கணக்கில், ஒருவர் பாட்டுக் கணக்கில். "ரெண்டாவது சரணம் முடியறப்ப அந்த வீடு வரும்." எல்லாவற்றையும் அடியாக்கினாள். பட்டியல் வந்தபோது மேட்டுத் தெரு மூன்றாவதாக இருந்தது. மூன்று தெருவுக்குத்தான் குழாய். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தையல்காரர் கறுப்புத் துணியில் ஒரு முக்காடு தைத்தார், கருவியின் திரைக்குமேல் மாட்டிக்கொள்ள. மூன்றாவது கை தேவைப்படாத மாதிரி, மணிக்கட்டில் கோக்க ஒரு வார். முதல் முக்காடு கோணலாக இருந்தது, குடைக்காரர் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு இருபது தைத்துக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து, புதுக் குழாயில் தண்ணீர் விட்ட அடுத்த மாதம், மீட்டரக்கா வெட்டுமேசையில், பாப்பா பக்கத்தில் இருக்க, மேட்டுத் தெருவின் கோப்பைத் திறந்தாள். இந்தத் தடவை புள்ளிகளை யாரும் தூக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை. வாசல் வாசலாக அவையே நின்றன. நாற்பத்தொன்றும் நீலம். நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பச்சை கேட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மட்டும் ஒன்பது நிமிடம்.

கருவி பழுதா என்று பாப்பா கேட்டாள்.

"இல்ல" என்றாள் மீட்டரக்கா. "நாற்காலி போட்டிருப்பாங்க."

அவள் நிரலில் மேலே போனாள். "இது நானே" என்று எழுதிய நான்கு வரிகள் அங்கே இருந்தன. அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் கட்டக் குறி போட்டு, இயந்திரம் படிக்காமல் மனுஷர்கள் மட்டும் படிக்கிற மாதிரி எப்போதோ வைத்திருந்தாள். அதற்குக் கீழே யாரோ புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அவள் எழுதியதில்லை.

"எங்கண்ணி பெரிய படிப்புதான். பாப்பா."

மீட்டரக்கா திரும்பிப் பார்த்தாள். பாப்பா வெட்டுமேசை மேல் கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மடித்த துணி.